மேடையில் பேசியது உன் அம்மாதான்

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனேன். துவைத்துக் காய்ந்த துணியையே மறுபடி எடுத்து நனைத்தேன். உன் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தானே போய்க் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு, "என்னமோ உள்ளுக்குள்ள ஓடுது ஒனக்கு. எழுதிப்புடு. எழுதாம ஒனக்கு அடங்காது" என்றார். முப்பது வருடம் செம்பனைக் காய் ஏற்றும் லாரி ஓட்டிய மனிதர், எந்த வண்டி எப்போது சூடேறும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எழுந்து போய்விட்டு வருவேன், எழுத்து ஒரே சீராக இருக்காது, நீயே சரிசெய்து படித்துக்கொள்.

நீ கேட்டது பெரிய விஷயமே இல்லை என்பது போலத்தான் கேட்டாய். "அம்மா, நிரஞ்சனா அப்பா நீ மேடையில பேசுன வீடியோவ பாத்துட்டாரு. கேட்டாருன்னா, யாரோ எழுதிக் குடுத்தத படிச்சேன்னு சொல்லிடும்மா. அவ்ளோதான். எங்க கல்யாணம் நல்லபடியா முடியட்டும்லா." நான் "பாக்கலாம்" என்றேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நீ எட்டு வயதில் சைக்கிள் கேட்டபோதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். சைக்கிள் வரவே இல்லை.

நீ என்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் ஊருக்கெல்லாம் எழுதினாய். நான் உனக்குத் தெரிந்தே எழுதுகிறேன். இதில் ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி ஞாயிறு பத்திரிகைக்கு. அவர்கள் என் கோலக் குறிப்பையும் மீன் குழம்பையும் போட்டவர்கள்தானே, இதையும் போடுவார்கள். என் பெயர் போடப்போவதில்லை. ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். பத்திரிகையில் படிப்பவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நான் பிறந்தது மந்தின் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். எனக்குப் பதினேழு வயதாகும்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரம் நின்ற இடத்தில் இன்று கோல்ஃப் திடல் இருக்கிறது. விற்ற அன்று மேனேஜர் எங்களைக் கூட்டிவைத்துச் சமாதானம் சொன்னார். இனிமேல் உலகத்துக்கே செனாவாங் தொழிற்பேட்டையில்தான் சாமான் செய்யப்போகிறார்கள், உங்கள் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஏசிக்குள் வேலை, மழையில் நனைய வேண்டாம், கொசுக்கடி இல்லை என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. ஏசி இருந்தது. அந்த ஏசிக்குள் இருபத்தேழு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பி சிப்பில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் பார்த்தேன். வாய்ப்பாடு ஒப்பிக்க உன்னை நிறுத்தி வைத்துவிட்டு, நீ ஏழில் இருக்கும்போதே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க, எட்டையும் ஒன்பதையும் கேட்காமலே ஓடியிருக்கிறேன். உனக்கு எட்டாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தடுமாறும், அதற்குக் காரணம் கம்பெனி பஸ்தான்.

கடைசிச் சில வருடங்களில் நான் லைன் லீடர். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று நாங்கள் சேர்ந்து கேட்டோம். யோசிக்கிறோம் என்றார்கள். யோசித்து முடித்ததும் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டின் பஸ்ஸில் நேப்பாளத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பு எனக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் ஒருத்தி மாயா. இருபத்திரண்டு வயது இருக்கும். கை நடுங்காமல் இடுக்கியைப் பிடிக்கத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்திலேயே அவள்தான். நான் முறைத்தாலும் தினமும் காலையில் வந்து, "காக், சாப்பாடு?" என்று கேட்பாள். காக் என்றால் மலாயில் அக்கா; சாப்பாடு என்ற ஒரு தமிழ்ச் சொல்லை யாரிடம் கற்றாளோ. கேட்டுக் கேட்டு என்னைத் தோற்கடித்துவிட்டாள். இரண்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தால், பாதியைத் தின்றுவிட்டு மீதியை முடிந்து வைத்துக்கொள்வாள், விடுதியில் இருப்பவர்களுக்காம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் லைன் வியட்நாமுக்குப் போகிறது. ஊர்க்காரர்களை முதலில் நிறுத்தினார்கள், ஏஜெண்டு ஆட்களைக் கடைசி வரை வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்கள் மலிவு. மெஷினைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் எங்களைப் பெட்டியில் போட்டார்கள் என்று கமலா சொல்லிச் சிரித்தாள். நம் எதிர்வீட்டுக் கமலாதான், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். சிரித்தவள் பஸ்ஸில் ஏறியதும் அழுதாள். நீ அந்த வாரம் போன் செய்தாய். "கம்பெனி போறதெல்லாம் உலகம் பூரா நடக்கிறதுதான்மா" என்று ஆறுதல் சொன்னாய். உலகம் பூரா தலைவலி இருப்பதால் என் தலைவலி குறையுமா ஐயா? அன்றைக்கு இதைக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

நீ கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஆபீஸ் தொழிலாளர் நிலைமையை ஆராய்ச்சி செய்து அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் என்று எனக்குப் பெருமைதான். பாசாரில் மீன் வாங்கும்போது, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். வேலை போனவர்களுக்காக உன் ஆபீஸ் சிரம்பான் ஹோட்டலில் ஒரு கலந்துரையாடல் வைத்தபோது, நாங்கள் பதினோரு பேர் வந்தோம். நீ அழைக்கவில்லை, நோட்டீஸைப் பார்த்து நாங்களாக வந்தோம். உன்னைத் திடீரென்று பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றாய், அழகாக இருந்தாய். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கமலா பலகாரத்தை டிஷ்யூவில் மடித்துப் பையில் போட்டதை நீ பார்த்ததும் எனக்குத் தெரியும். ஒரு சின்னப் பெண் திரையில் அம்பும் வட்டமும் காட்டி, எல்லாம் மனநிலையில்தான் இருக்கிறது, ஐம்பது வயதிலும் ஆன்லைனில் வியாபாரம் ஆரம்பிக்கலாம் என்றாள். நல்ல மனசுக்காரி, திட்ட மனம் வரவில்லை. கேள்வி கேட்கலாம் என்று மைக் கொடுத்தார்கள். நான் எழுந்தேன்.

நான் கேட்க நினைத்தது இதுதான்: எங்களுக்கு மனநிலை சரியில்லை என்கிறீர்கள், சரி, கம்பெனியின் மனநிலையை யார் திருத்துவது? ஆனால் மைக்கைப் பிடித்ததும் இருபத்தேழு வருடமும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. தோட்டத்தில் ஆரம்பித்து பஸ்ஸுக்கு வந்து, உன்னைப் பெற்றதுவரை வந்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போது நீ உன் மைக்கில் பேசினாய். "சோரி புவான், மாசா டா ஹாபிஸ்." நேரம் முடிந்துவிட்டதாம். நான் உட்கார்ந்துவிட்டேன். நேரம் முடிந்ததற்காக இல்லை ஐயா. பெற்ற பிள்ளை என்னை யாரோ ஒரு மேடம் மாதிரி, புவான் என்று கூப்பிட்டதற்காக. கமலா என் கையைப் பிடித்து, "சபையிலலா, அப்படித்தான் கூப்பிடணும் போல" என்றாள். நானும் அப்படித்தான் என்று தலையாட்டினேன். அந்தச் சின்னப் பெண் வந்து, பகிர்ந்துகொண்டதற்கு நன்றி ஆண்ட்டி என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அதற்கு அடுத்த மாதம் தேர்தல் வந்தது. நம் தாமான் குடியிருப்பில் செராமா என்ற தேர்தல் கூட்டம் போட்டார்கள். கூட்டம் போட்ட கட்சிக்காரன் நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன், ஐந்து வருடமாக அவன் முகத்தை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவன் நம் வீட்டுக்கு வந்தான். கீழே உட்கார்ந்தான். "ஒங்களுக்கு என்ன பேசணுமோ பேசுங்கக்கா, நேரமெல்லாம் பாக்கமாட்டோம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். நேரம் பார்க்கமாட்டோம் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. உன் அப்பா, "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுது" என்றார். நான் கேட்கவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன்.

நான் சொன்னதை நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். "சம்பளம் கேட்டோம், வெளிநாட்டு ஆளக் கொண்டாந்து எறக்குனாங்க. இப்ப கம்பெனியே வெளிநாட்டுக்குப் போவுது. ஆள் வந்தாலும் நாங்கதான் வெளிய, கம்பெனி போனாலும் நாங்கதான் வெளிய. படிச்சவங்கள்ளாம் இது நல்லதுக்குத்தான்னு சொல்றாங்க. யாரு நல்லதுக்குன்னு மட்டும் சொல்ல மாட்டறாங்க." கூட்டம் கைதட்டியது. ஐயா, வாழ்க்கையில் எனக்காக முதன்முதலில் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கிவிடுமே என்று பயந்து, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். "இந்தத் தாமான்லயே மூனாவது லோரோங் சந்துக் கடைசி வூட்ல முப்பது பேர அடைச்சு வச்சிருக்காங்க. நம்ம புள்ளைங்களுக்கு வேல இல்ல. போய்ப் பாருங்க, அனுப்பி வைங்க." இதற்கு முன்னதைவிடப் பெரிய கைதட்டல்.

ஒரு வாரம் கழித்து நீ ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாய். கமலாவின் மகள் படித்துச் சொன்னாள், பிறகு நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘மஞ்சள் சேலை கட்டிய நடுத்தர வயதுப் பெண் ஒருவர்' என்று இருந்தது. அரசியல்வாதிகள் ஊட்டிய வெறுப்பை அவர் ஒப்பித்தார் என்று இருந்தது. இப்படிப்பட்டவர்களை வெறுக்கக்கூடாது, புரியவைக்க வேண்டும் என்றும் பெருந்தன்மையாக எழுதியிருந்தாய். சேலையின் நிறம் ஞாபகம் இருந்தது, யார் வாங்கிக் கொடுத்தது என்பது விட்டுப்போயிற்று. வாய்ப்பாடு ஒப்பித்தவன் நீ. நான் ஒப்பிக்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

அதனால்தான் நீ கேட்ட பொய்யை என்னால் சொல்ல முடியாது. அந்தப் பேச்சில் பாதி சரி, பாதி தப்பு. இரண்டும் என்னுடையது. யாரோ எழுதிக் கொடுத்தது என்றால் சரியான பாதியும் என் கையைவிட்டுப் போய்விடும். தப்பான பாதிக்கு நான் பதில் சொல்லவும் முடியாமல் போகும். அந்தத் தப்பைத்தான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. உன் அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

(எழுந்து போய்விட்டேன். இப்போது மறுநாள் காலை.)

செராமா முடிந்து நான்காம் நாள் காலையில், மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். மூன்றாவது லோரோங்கில் குடிநுழைவு அதிகாரிகளின் லாரி நிற்கிறது. தாமான் சனம் பாதி அங்கேதான். கமலா என் தோளைத் தட்டி, "பாத்தியா, ஒன் பேச்சுக்கு நடவடிக்க எடுத்துட்டாங்க" என்றாள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கமாட்டேன். அப்புறம் உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாயில் நுரையோடு வந்தாள். ஏழாவதோ எட்டாவதோ, மாயா.

எங்கள் கம்பெனிப் பெண்களைத்தான் அந்த வீட்டில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்பாய். தெரியும். முறுக்கை எந்த வீட்டுக்கு முடிந்துகொண்டு போனாள் என்று எனக்குத் தெரியாதா? மேடையில் நின்றபோது அது மாயாவின் வீடு என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். கைதட்டல் கேட்கும் நேரத்தில் ஒரு முகமும் ஞாபகம் வராது ஐயா, நீ எழுதும்போது என் முகம் ஞாபகம் வராத மாதிரி.

அவளுடைய பாஸ்போர்ட் ஏஜெண்டிடம். கம்பெனி மூடப்போகிற அவசரத்தில் வேலை அட்டையை யாரும் புதுப்பிக்கவில்லை. அவள் அரைகுறை மலாயில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்த அதிகாரி சின்ன வயது மலாய்க்காரத் தம்பி, கடுமையாகப் பேசவில்லை. "இவள் வேலை செய்யும் இடத்துக்காரர் யாராவது இருக்கிறீர்களா? இவளைத் தெரிந்தவர் உண்டா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். மாயா தேடினாள், என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "காக்" என்று கை காட்டினாள். அதிகாரி என் பக்கம் திரும்பி மறுபடியும் கேட்டார். நான் இரண்டு வருடம் அவளுடைய லைன் லீடர். பாஸ்போர்ட் எந்த ஏஜெண்டிடம் இருக்கிறது, கம்பெனியில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எல்லாம் தெரியும். சுற்றி நிற்பவர்கள் நான்கு நாளைக்கு முன் எனக்குக் கைதட்டியவர்கள். நான் மீன் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயே திறக்கவில்லை. லாரி போய்விட்டது.

அதற்கப்புறம் மூன்று தடவை தேடிப் போனேன். ஏஜெண்டு ஆபீஸில் பூட்டு. தடுத்து வைத்திருக்கும் இடத்தில் முழுப் பெயர் கேட்டார்கள். மாயா என்றேன். மாயா நிறையப் பேர், அப்பா பெயர், ஊர், பாஸ்போர்ட் எண் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். ஒன்றும் தெரியவில்லை. என் பக்கத்து நாற்காலியில் இரண்டு வருடம் இருந்தவளின் முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை ஐயா.

உன் தாத்தா, என் அப்பா, இதைக் கேட்டிருந்தால் என் முகத்தில் விழித்திருக்கமாட்டார். தோட்டத்தில் விடியும் முன்னால் பெரட்டு என்று ஒன்று நடக்கும். எல்லாரும் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பேர்ப் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "ஆள் இருக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, பேர் வெட்டுத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பு நனைந்துவிட்டது என்று யாராவது பிந்திவிட்டால், பக்கத்தில் நிற்பவர் குரலை மாற்றி "ஆள் இருக்கு" என்று கொடுத்துவிடுவார். இருட்டில் யார் என்று தெரியாது. கிராணிக்கும் தெரியாமல் இல்லை. அது லயத்துப் பழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் அப்பா ஒரு தடவை ஐந்தாவது லயத்து அஞ்சலைக்காகப் பெண்குரலில் கொடுத்து மாட்டிக்கொண்டார். அஞ்சலையோடு எங்களுக்கு வேலித் தகராறு, பேச்சுவார்த்தைகூட இல்லை. அன்று இரண்டு பேர் பேரையும் வெட்டினார்கள். அம்மா திட்டித் தீர்த்தபோது, "சண்ட வேலிக்குத்தானடி, பெரட்டுக்கு இல்லயே" என்றார் அப்பா. அவருடைய மகள் நான். பட்டப்பகலில், ஒருத்தி கை காட்டிக் கூப்பிட்டு, இரண்டு தடவை கேட்டும் குரல் கொடுக்கவில்லை.

நீ சிரம்பான் ஹோட்டலில் எனக்குக் குரல் கொடுக்கவில்லை என்று கோபமாகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத வேறொன்று ஞாபகம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. நீ நான்காம் படிவ வகுப்புக்குப் போகும்போது விடுதிப் பள்ளிக்கு ஒரு பாரம் நிரப்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? தாயின் வேலை என்ற இடத்தில் நீ ஆபரேட்டர் என்று எழுதியிருந்தாய். நான்தான் வெள்ளை மை பூசி அழிக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் என்று எழுது, நேர்காணலில் கேட்டாலும் அப்படியே சொல், லயம் கியம் என்று வாயைத் திறக்காதே என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "ஏம்மா, ஆபரேட்டருன்னா என்னா?" என்று கேட்டாய். நான் கன்னத்தில் தட்டி எழுது என்றேன். எங்களை மாதிரி ஆகிவிடாதே என்று சோற்றோடு சேர்த்துத்தானே ஊட்டினேன். ஊட்டியது உடம்பில் ஒட்டிவிட்டது. இப்போது ஏன் புவான் என்று கூப்பிட்டாய் என்று சண்டைக்கு வந்தால், நீ என்ன செய்வாய் பாவம். அந்த வெள்ளை மை என்னுடையது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். உன் ஆபீஸில் இருப்பவர்களுக்கு மாயாவின் மேல் இரக்கம் உண்டு, அது நல்லதுதான். எங்கள்மேல் மட்டும் அவர்களுக்கு விளக்கம்தான் உண்டு. இரண்டு பேரையும் ஒரே கம்பெனிதான் மலிவாக வாங்கியது, ஒரே கம்பெனிதான் போட்டுவிட்டுப் போனது. இதை அந்தத் திரையில் ஒரு அம்பு போட்டுக் காட்டியிருந்தால் நான் செராமா மேடைக்குப் போயிருக்கமாட்டேன். போயிருந்தாலும் அந்தக் கடைசி வீட்டைச் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் தயங்குவேன்.

உன் வருங்கால மாமனாரைப் பற்றி நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் போனபோது அவர் தன் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "நாங்களும் எஸ்டேட்டில இருந்து வந்த ஆக்கள்தான் அம்மா" என்றார். அவர் அப்பா ஒரு தோட்டத்தில் கிராணி. பொய்யில்லை, அவர்களும் எஸ்டேட்தான். நாங்கள் வரிசையில் நின்றோம், பேர்ப் புத்தகம் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் வக்கீலாக இருந்து நாலு பேரைக் கேள்வி கேட்டவர், அவரிடம் போய் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்றால் நம்புவாரா? பேர்ப் புத்தகம் பிடித்தவர் பிள்ளைக்கு, குரல் மாற்றிக் கொடுப்பது யார் என்று இருட்டிலேயே தெரியும். நிரஞ்சனா தங்கமான பெண். போன வாரம் அவளாகவே எனக்குப் போன் செய்து, "ஆன்ட்டி, அந்த வீடியோல முதல் பாதி நல்லா பேசினீங்க" என்றாள். முதல் பாதி என்றாள். கெட்டிக்காரி. அவளிடம் நீ கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வீட்டில் அவள் பேசும்போது நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே, இதுதான் கல்யாணப் பிள்ளைக்கு நான் சொல்லும் ஒரே புத்தி.

உன்னிடம் இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது, மாயாவைக் கண்டுபிடி. உன் ஆபீஸுக்கு அந்த மாதிரி இடங்களில் எல்லாம் ஆள் பழக்கம் உண்டு, கேட்டால் சொல்வார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டார்களா, இங்கேதான் இருக்கிறாளா, அவள் முழுப் பெயர் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். கிடைத்தால் நான் என்ன சொல்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. அவள் என்னைக் காக் என்று கூப்பிடமாட்டாள், அது தெரியும். ஆனாலும் போக வேண்டும்.

இரண்டாவது கல்யாணத்தன்று. நான் அதே மஞ்சள் சேலைதான் கட்டி வருவேன், பட்டு வாங்கி அனுப்பாதே. எங்கள் லைன் பெண்கள் பத்துப் பேரும் சீர்த்தட்டு தூக்குவார்கள், கமலா பலகாரத்தை டிஷ்யூவில் மடிப்பாள், நீ பார்க்காத மாதிரி இரு. சாப்பாட்டு வரிசையிலோ மேடைப் பக்கத்திலோ யாராவது ஒருவர் கேட்கத்தான் போகிறார், அந்த வீடியோவில் பேசிய பெண் இங்கே வந்திருக்கிறாளா என்று. கேட்கும்போது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். உன் முகத்தைப் பார்ப்பேன். உன் தாத்தா இருட்டில் வேலிச் சண்டைக்காரிக்குக் கொடுத்த குரலை, வெளிச்சத்தில் பெற்றவளுக்கு நீ கொடுக்கிறாயா என்று பார்ப்பேன். கொடுத்தால் போதும், அதற்கப்புறம் அந்தப் பேச்சில் எது தப்பு என்று எத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேள்வி கேள், பதில் சொல்கிறேன்.

உனக்கு வாய் வராவிட்டாலும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடமாட்டேன், பயப்படாதே. அந்த லாரி பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றவளுக்கு, வாய் வராதவன் மேல் கோபப்பட உரிமை இல்லை. உனக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பேன். அப்புறம், ஆள் இருக்கு என்று நானே சொல்லிவிடுவேன்.

அம்மா